வேலி தாண்டி வந்த குட்டைக்காய்

இன்று காலை பாவற்காய் பிடுங்கப் போனேன். யுத்தத்தால் அரிசியைக் கூப்பனுக்கு அளந்து தருகிற இந்த நாளில் பந்தல்தான் கை கொடுக்கிறது. நீண்ட வெள்ளைக் காய்களுக்கு நடுவே ஒன்று மட்டும் விரல் நீளத்தில், கரும்பச்சையாய், முள்ளு முள்ளாய்த் தொங்கியது. அதன் கசந்த வாசனை கையில் ஒட்டியதும் வேலிக்கு அப்பால் உன் வளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

நீ வல்வெட்டித்துறையிலிருந்து கொக்குவிலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உன் தாய் முடிந்து தந்த குட்டைப் பாவல் விதை அது. தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் உன் பந்தல், இந்தப் பக்கம் என் பந்தல். எங்கள் வெள்ளைப் பாவலோ, பெண்ணுக்குக் கலியாணம் என்றால் கூடவே விதையும் கொடுத்தனுப்புகிற குடும்பத்துப் பெருமை. மூத்தவளுக்கும் அப்படித்தான் கொடுத்தேன். அவள் புகுந்த வீட்டில் பாதிக் கொடிகள் குட்டையாய்க் காய்த்தன. மாமியார் முகம் சுளித்தாராம். பிள்ளை வந்து அழுதாள்.

வேலியடியில் நின்று கத்தினேன். "எடி, உன்ரை கொடியாலை என்ரை பிள்ளையின்ரை மானம் போச்சு!"

நீ பள்ளிக்கூடத்தில் பூவும் காயும் படிப்பித்தவள். கோபிக்கவில்லை. "அக்கா, போனமுறை காய் உங்கடைதான். உள்ளை இருந்த விதையிலை எங்கடை பூவின்ரை மகரந்தமும் சேர்ந்திட்டுது. தேனீக்கு உங்கடை வளவு, எங்கடை வளவு எண்டு தெரியுமே?" பூ விரியுமுன் துணியால் கட்டி, கையாலேயே மகரந்தம் தடவினால் கலக்காது என்றும் சொன்னாய். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. "பிடுங்கி எறி" என்றேன்.

மறுநாள் உன் பந்தல் வெறுமையாய்க் கிடந்தது. சில நாள் கழித்துத்தான் எனக்கு மனம் உறுத்தியது.

"விதை எடுத்து வைச்சனியோ?"

"இல்லை அக்கா, காய் முத்தேல்லை. அம்மாவும் போயிட்டா. அங்கை இப்ப ஆரும் நடுறேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாளை நாளை என்றிருந்தேன். அந்த மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பிறகு என் பந்தலில் குட்டைக்காய்க் கொடி எதையும் நான் பிடுங்குவதில்லை. காயைப் பழுக்கவிட்டு, விதையைச் சாம்பலில் பிரட்டித் தனியே முடிந்து வைக்கிறேன். வருகிற தையில் இளையவளுக்குக் கலியாணம். வெள்ளை விதையோடு இந்த முடிச்சையும் எடுத்து வைத்தேன்.

"உது ஆரின்ரை விதையம்மா?" என்று கேட்டாள்.

"உன்ரை சின்னம்மாவின்ரை" என்று உன் வளவைக் காட்டினேன்.