கோயிலுக்குள் வைத்த மழைமானி

அண்ணாச்சி,

இன்று காலை வெளிப்பிரகாரத்தைச் சுற்றி வருகையில், அங்குள்ள மழைமானிக்கு யாரோ சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கக் கண்டேன். அதன்மேல் ஒரு செவ்வரளி. உங்கள் நினைவு வந்தது. கூடவே கசப்பும் வந்தது.

அதை நாட்ட வந்த காப்பீட்டு நிறுவனத்துத் தம்பி மண்டபத்தில் நமக்கெல்லாம் விளக்கம் சொன்னார். எங்கோ பெருநகரங்களில் பணமுள்ளோர் பேரிடர் பத்திரம் வாங்குவார்களாம். மானியில் மழை குறித்த அளவைத் தாண்டினால், அவர்கள் போட்ட பணம் பயிர் இழந்த நமக்கு வரும். தாண்டாவிட்டால் முதலும் வட்டியும் அவர்களுக்கே.

"அப்பம் எங்க வாழை சாயாதுன்னு அவுக பந்தயம் கட்டுதாக. அப்படித்தானவே?" என்றீர்கள். அவர் சிரித்து மழுப்பினார்.

மானியைக் குற்றாலத்து மலையில் வைக்கலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். நீங்கள் விடவில்லை. "மலையில வச்சா குரங்கு பிடுங்கிட்டுப் போவும். இல்லன்னா எவனாவது தண்ணிய ஊத்தி வைப்பான். முருகன் கண்ணு முன்னால இருக்கட்டும், கள்ளக்கணக்கு நடக்காது." ஊரே தலையாட்டியது. எங்கள் எல்லோருக்கும் அதுவே தருமமாகப் பட்டது.

மானி வைத்த அந்த ஆண்டு ஐப்பசியில் மலை முழுதும் கொட்டித் தீர்த்தது. கீழே நமக்குத் தூறல்தான். அருவியின் இரைச்சல் இலஞ்சிவரை கேட்டது. சிற்றாறு கரை புரண்டு, குலை தள்ளிய உங்கள் வாழைகளை வேரோடு சாய்த்துப் போனது. முழங்கால் சேற்றில் நின்றபடி அந்தத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். மானியில் மழை அளவைத் தாண்டவில்லை ஐயா என்று பணிவாகச் சொன்னார்.

"மழை பெய்யலன்னு சொல்லுதீரே, அப்பம் தோட்டத்துல நிக்கது என்னவே, அபிஷேகத் தண்ணியா?" என்று கத்தினீர்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. முருகன் சாட்சியாக எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. உங்கள் தோட்டம் மட்டும் கடனுக்கு விலைபோயிற்று. பிறர் நிலமாகிவிட்ட அதன் வரப்பில் கால்வைக்க மனமின்றிச் சுற்றுவழியாகக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தீர்கள். பிறகு அந்த வரவும் நின்றது.

கடைசியாகப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்: "பத்திரம் வாங்குனவுகளும் எங்கனயாவது சாமி கும்பிட்டிருப்பாகள்லா? அவுக வேண்டுதலத்தான் நம்மாளு கேட்டிருக்கான்." இத்தனை ஆண்டு சந்நிதியில் ஓதிய பதிகத்தை அன்று மாலை பாதியிலேயே முடித்துக்கொண்டேன்.

இப்போதும் தீபாராதனை முடிவில் எல்லோரும் நன்றாயிருக்க வேண்டும் என்றுதான் கைகூப்புகிறேன். அந்த எல்லோருக்குள் முகமறியாத பத்திரக்காரர்களையும் சேர்க்கச் சொல்கிறது சாத்திரம். என் மனமோ அவர்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, அண்ணாச்சி.