பீப்பாய்க்குக் காற்று

8 மார்ச் 1970, ஞாயிறு

எருக்குழியில் போட்ட இலையும் சாணமும் நன்றாக மக்கிவிட்டன. இனி ரோஜாச் செடிகளுக்கு எருத்தண்ணீர் போடலாம். மக்கிய எருவைக் கோணியில் கட்டிப் பீப்பாய்த் தண்ணீரில் தொங்கவிட்டு, கொஞ்சம் வெல்லம் போட்டு, சைக்கிள் டியூப் வழியாக அடியில் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று இருந்தால் மண்வாசனை. நின்றுவிட்டால் சாக்கடை, ரோஜா வேர் வெந்துபோகும். பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ரயில் பிரேக்கின் காற்றுக்குழாய் பார்த்து ரிட்டையரானவன் நான். காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

பம்ப் அடிக்க மருமகள் இருக்கிறாள். நீலா. ஜேக்கப் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த திருவொற்றியூர் குப்பத்துப் பெண். ஞானஸ்நானம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது ஐந்து மாதம். பிறக்கப்போவது என் பேரன். அவனாவது இந்த வீட்டில், என் கண்ணெதிரே, ஒழுங்கான கிறிஸ்தவனாக வளர வேண்டும். அவளை நம்பி விட முடியுமா?

15 மார்ச்

“மாமா, இடுப்பு நோவுது. குந்திகினு அடிக்கட்டுமா?”

நின்று அடித்தால்தான் காற்று அடிவரை இறங்கும் என்றேன். பொய்தான். உட்கார்ந்தும் அடிக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குப் பழக வேண்டாமா?

17 மார்ச்

ஜேக்கப் ஹார்பரிலிருந்து வந்ததும் கத்தினான். “இன்னா நைனா, மாசமா கீறவளப் போய் பம்பு அடிக்க வுட்றே?”

உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் உன் அம்மா மாவாட்டினாள் என்றேன். செத்தவளை இழுத்தால் வாயை மூடிக்கொள்வான். மூடிக்கொண்டான்.

26 மார்ச், பெரிய வியாழன்

காலையில் புதுப் பீப்பாய் போட்டாயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாள், பாஸ்கா சனிக்கிழமை ஊற்றினால் மே மாதம் மாதா தேருக்குப் பூ பிடிக்கும். வருஷாவருஷம் என் கணக்கு இதுதான்.

கோயிலுக்குப் போகும்முன் நீலாவுக்குச் சொன்னேன்: ஆண்டவர் பாடுபட்ட துக்கத்துக்காக இன்று பூசையில் மணி நின்றால், சனிக்கிழமை இரவு மறுபடி அடிக்கும்வரை இந்த வீட்டில் அம்மி, உரல், சுத்தியல் எதுவும் சத்தம் போடக் கூடாது.

“பம்பு கூடவா மாமா?”

சத்தமென்றால் சத்தம்தான், எதிர்க்கேள்வி கேட்காதே என்றேன். குப்பத்துப் புத்தி.

28 மார்ச், சனி

இரண்டு நாளும் கோயிலிலேயே இருந்தேன். மத்தியானம் வந்தால் தெருமுனையிலேயே நாற்றம். கையே வைக்கவில்லை அவள். போதாததற்கு, ஈ மொய்க்கிறதென்று மூடியை வேறு இறுக்கி வைத்திருக்கிறாள்.

“நீங்கதானே மாமா வேணாம்னீங்க?”

கோலால் துழாவினால் சத்தமா வரும்? இதையும் நான்தான் சொல்லித் தர வேண்டுமா? பீப்பாய் முழுக்க வீண். இவளை என்ன செய்தால் தகும்?

29 மார்ச், பாஸ்கா ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நீ நாறவைத்ததை நீயே கொட்டிவிட்டுப் போ என்று நிறுத்தினேன். வாளியில் மொண்டு மொண்டு தெருச் சாக்கடைக்குத் தூக்கிப் போனாள். பூசை முடிந்து வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் நானும் வாசலில் நாற்காலி போட்டிருந்தேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஜேக்கப் அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

30 மார்ச்

இருவரும் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகட்டும். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு இங்கேதான் வந்தாக வேண்டும்.

24 மே

தேருக்கு வேறு வீட்டுப் பூ. நானே பம்ப் அடித்துப் பார்த்தேன். தோள் ஓய்ந்துவிட்டது, பாதியில் நிறுத்தினேன். அதுவும் நாறியது. யாரைத் திட்டுவது?

26 ஜூலை, ஞாயிறு

மீன்காரி முத்தம்மா கூடையை இறக்கும்போதே சொன்னாள். அவளும் நீலாவின் குப்பம்தான்.

“பேரன் சோக்கா கீறான். போன ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் கூட ஆயிடிச்சே. உனுக்குச் சொல்லலியா?”

தெரியும் என்றேன். நீலாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாளாம். அவள் செய்ய மாட்டாள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஞானத்தகப்பனாக யார் நின்றது என்று கேட்டேன்.

“கோயில்ல மணி அடிக்கிற கோயில்பிள்ளையே நின்னுட்டாரு. புள்ளைக்கு அப்பன் வழில யாருனா கீறாங்களான்னு சாமியாரு கேட்டாரு. யாரும் இல்லன்னு ஜேக்கப்பு சொல்ட்ச்சி.”

மீன் வாங்கவில்லை.