மொச்சைக் காட்டுப் பானைகளைத் திருப்பித் தரும்படி கோருவது

அனுப்புவோர்:
செ. அர்த்தனாரி, விவசாயி,
பைல் நாடு, கொல்லிமலை.

பெறுவோர்:
மதுவிலக்கு மேலதிகாரி அவர்கள்,
சேலம்.

விஷயம்: புழுக்களுக்காக வைத்திருந்த கஷாயத்தைச் சாராயம் என்று கைப்பற்றியது; பானைகளை உடனே திருப்பித் தரக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

1. எங்கள் மலையில் மதுவிலக்கு அமுலுக்கு வந்து ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகின்றன. சட்டத்தின் மேல் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. ஊரில் தூக்கம் கூடியிருக்கிறது, பாட்டு குறைந்திருக்கிறது. பாடியவர்களை நான் அறிவேனாகையால் இரண்டையும் நன்மையென்றே கொள்கிறேன். சென்ற மாதம் இருபத்து நான்காம் தேதி இச்சட்டம் புழுக்களின் பக்கம் சேர்ந்துகொண்டதைப் பற்றியே இம்மனு.

2. என் நிலத்துக்கு மேலண்டையில் பயிர் செய்பவர் அத்தாயி என்னும் கைம்பெண். ஒரு ஏக்கரில் நாற்பத்திரண்டு வரிசை மொச்சை வைத்திருக்கிறார். தை முதல் ஆடி வரை அவர் வீட்டு நான்கு பேரின் குழம்பு அந்த மொச்சைதான். மறு வருஷத்து விதையும் அதுவே. கார்த்திகையில் காய் பிடிக்கும்போது காய்ப்புழு வரும். அதற்கு எதிராக எங்கள் மலையில் ஒரு கஷாயம் உண்டு.

3. செய்முறை இரகசியமன்று. வேப்பங்கொட்டையை இடித்து, எருக்கிலை, நொச்சி, ஆடாதோடை இவற்றோடு மாட்டுக் கோமியத்தில் போட்டுப் பானை வாயைத் துணியால் கட்ட வேண்டும். மலைக் குளிரில் வெளியே வைத்தால் புளிக்காது. ஆகவே பானையைக் கழுத்து வரை எருக்குழியில் புதைத்து, மாடு மிதிக்காதபடி முள் வைத்து, பன்னிரண்டு நாள் விட்டுவிடுவோம். பிறகு பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, சாயங்காலத்தில் விளக்குமாற்றால் தெளிப்போம். வேப்பமரம் எங்கள் குளிருக்கு வருவதில்லை. அத்தாயி ஆவணியில் மிளகு சுமந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கி, கொட்டை சுமந்து ஏறுகிறார். தெளிக்கும்போதும் வேலியோரத்து ஒரு வரிசையை விட்டுவிடுவார். புழுவும் எங்கேயாவது தின்ன வேண்டுமே என்பது அவர் வாதம். இதுவரை புழுக்களும் அந்த ஒரு வரிசையோடு நின்றுகொண்டு கண்ணியமாகவே நடந்துவந்தன.

4. மேற்படி தேதியில் சோதனைக் கோஷ்டி ஒன்று ஜமேதார் வெங்கிடுசாமியின் தலைமையில் மலையேறி வந்தது. அத்தாயியின் எருக்குழியில் ஆறு பானைகள் கண்டார்கள். பானைகள் புதைக்கப்பட்டிருந்தன, முள் போட்டு மறைத்திருந்தது, துணியை அவிழ்த்தால் நுரை, நுரையோடு நாற்றம். சமவெளியிலிருந்து வந்த ஒரு மனிதர் இந்த நான்கையும் கூட்டினால் என்ன விடை வரும் என்பது எனக்கும் புரிகிறது. அந்த மட்டில் ஜமேதார் மேல் குறை சொல்லேன்.

5. குறை அதற்குப் பின்னால்தான். சாட்சியத்தின் பொருட்டு அவர் ஒரு தம்ளர் கொண்டுவரச் சொன்னார். அத்தாயி பதறி, "ஏனுங்க சாமி, அதெ வாயில வெக்காதீங்க! புழுவுக்கு வெச்சிருக்கறதுங்க" என்றார். ஜமேதார், "புழுவுக்கா? எந்தப் புழு அம்மா ஆறு பானை குடிக்கும்?" என்று கேட்டார். "குடிக்காதுங்க, செத்துப்போயிருமுங்க" என்றார் அத்தாயி. பிடிபட்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று தம் ஆட்களுக்கு விளக்கிவிட்டு, ஜமேதார் அரைத் தம்ளர் பருகினார். தண்ணீர் சேர்க்காத கஷாயம் என்பதைத் தாங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

6. அடுத்த இரண்டு மணி நேரம் அவர் பாறைக்குப் பின்னால் இருந்தார். போகும் வழியில், தோண்டியெடுத்து மொச்சையோரம் வைத்திருந்த பானைகளில் இரண்டை உதைத்துவிட்டே போனார். அத்தாயிதான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். கைப்பற்றல் மகஜருக்குச் சாட்சிப் பஞ்சாயத்தாராக நின்ற சின்னுசாமி, "பாவம், இன்னொரு சொம்பு குடு கண்ணு, கெவருமெண்டு ஆளு செத்துக்கித்துப் போனா நம்ம ஊரு பேரு கெட்டுப்போயிரும்" என்றார். மகஜரில் மோரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ருசி பார்த்ததில் தொண்டை எரிவு, தலைசுற்றல், வாந்தி ஆகியவை ஏற்பட்டபடியால் மிகவும் கடுமையான சாராயம் என்று நிச்சயிக்கப்பட்டது" என்று மட்டும் கண்டிருக்கிறது. அடியில் சின்னுசாமியின் கைநாட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. மகஜருக்கு அதுவே நல்லதாயிற்று.

7. கோஷ்டி அன்று பகல் சமைத்துச் சாப்பிட்ட சாவடியின் சுவரில், பயிர்ப்பூச்சிகளைப் புகையிலைக் கஷாயம் தெளித்து ஒழிப்பீர் என்று வேறோர் இலாகா அச்சிட்டு ஆணியடித்து மாட்டிய துண்டுப் பிரசுரம் இருக்கிறது. அதன் ஆணியில்தான் ஜமேதார் தம் தலைப்பாகையை மாட்டியிருந்தார்.

8. மீதி நான்கு பானைகளும் சாட்சிப் பொருளாக மலையிறங்கின. வழக்கு ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை வீட்டில் எதையும் பானையில் போட்டு வைக்கக்கூடாதென்று அத்தாயிக்கு வாய்மொழி உத்தரவு. இட்டாலும் பயனில்லை, வேப்பங்கொட்டை முழுவதும் அந்த ஆறு பானைக்குள் போய்விட்டது, மறு கொட்டை ஆடிக்குப் பிறகுதான். ஜனவரி ஒன்பதுக்குப் புழுக்கள் வாய்தா வாங்கவில்லை. வேலியோரத்து வரிசையை முடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டன. நாளொன்றுக்கு இரண்டு வரிசை என்ற கணக்கில், இன்று சாயங்காலம் வரை பதினைந்து வரிசைகள் ஓட்டைக் காயாகிவிட்டன. ஜமேதார் உதைத்த பானைகளின் கஷாயம் தெறித்த இடத்தில் மட்டும் மூன்று செடிகள் காய் தொங்க நிற்கின்றன. இப்பருவத்தில் அந்நிலத்துக்கு மருந்து தெளித்த ஒரே மனிதர் அவர்தாம் என்பதை அவருடைய நற்பணியாகப் பதிவு செய்யலாம்.

9. நாற்பத்திரண்டாம் வரிசைக்கு அடுத்தது என் நிலம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நான் பரோபகாரி என்று தாங்கள் தவறாக எண்ணிவிடக்கூடாது.

10. ஆகையால் நான் வேண்டுவது: வழக்கு எப்படியும் நடக்கட்டும். சாட்சிக்கு ஒரு பானை போதும். மற்ற மூன்றையும் இந்த வாரத்திலேயே மலையேற்றி அனுப்ப உத்தரவிட வேண்டும். சுமக்க ஆட்களை நாங்களே அனுப்புகிறோம். உதைபட்ட பானைகளின் அடியில் தங்கிய மேற்படி கஷாயம் ஒரு புட்டியில் மெழுகு வைத்து அடைத்து இத்துடன் வருகிறது. தங்கள் பங்களாச் செடிகளில் தெளித்துப் பரீட்சை செய்துகொள்ளலாம். இதை வைத்திருந்ததும் அனுப்பியதும் குற்றமானால், ஒன்பதாம் தேதி அத்தாயியின் பக்கத்தில் நானும் நிற்கச் சித்தமாயிருக்கிறேன். பானைகள் மட்டும் அதற்கு முன்னால் வரவேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
செ. அர்த்தனாரி

இடம்: பைல் நாடு
தேதி: 2–12–1938

இணைப்பு: புட்டி ஒன்று. யாரும் ருசி பார்க்க வேண்டாம்.

திருத்தம்: இம்மனு இரவு தங்கி, இன்று சனிக்கிழமை காலை சந்தைக்கு இறங்கும் ஆளிடம் கொடுக்கப்படுகிறது. எட்டாம் பாராவில் பதினைந்து வரிசைகள் என்றிருப்பதைப் பதினேழு என்று திருத்தி வாசிக்கவும். தபால் தங்களிடம் சேர எத்தனை நாள் ஆகிறதோ, நாளுக்கு இரண்டாகக் கூட்டிக்கொள்ளவும்.