உன் படத்துக்கு ஒரு மாலை

அக்கா,

போன திங்கட்கிழமை காலை, யாருடைய கட்டாயமும் இல்லாமல், முழுச் சுயநினைவோடு, ஒரு பாக்கெட் அந்துருண்டை வாங்குவதென்று முடிவெடுத்தேன். பட்டாபிராம் ஸ்டேஷன் எதிரே இருக்கும் கடைக்காரர், "சின்னதா, பெருசா?" என்று சாதாரணமாகக் கேட்டார். முடிவின் கனம் அவருக்குத் தெரிய நியாயமில்லை. பெரியதாகவே கேட்டேன், கோலி அளவில். இதை எழுதும்போதும் விரல்களில் அந்த வாசம் இருக்கிறது. அது வந்தால் பின்னாலேயே நீயும் வந்துவிடுகிறாய்.

எண்பதுகளின் தொடக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு எதிரெதிர் வீடு. ஒரு வாரப் பத்திரிகையில் வந்த உருண்டை முடிச்சை இருவரும் சேர்ந்துதான் கற்றோம். நான் வாசித்தேன், நீ கட்டினாய். வெள்ளைக் கயிற்றை இரண்டு விரலில் குறுக்கே சுற்றி, அதன்மேல் நெடுக்கே சுற்றி, நடுவில் உருண்டையாக எதையாவது வைத்து, சுற்று சுற்றாக இழுத்து இறுக்கினால் பந்து மாதிரி நிற்கும். அது நின்ற அன்று நீ என் கன்னத்தைக் கிள்ளினாய். அதையும் சொல்லிவிட வேண்டும். வரலாறு எழுதுகிறவர்கள் ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாது.

அந்த வருஷம் மகளிர் மன்றம் கைவேலை வகுப்புக்கு ஒரு டீச்சர் தேடியது. கேட்டவர்கள் நாம் இருவர்தான். ஆளுக்கொரு உருண்டை முடிச்சுத் திரை செய்து பங்குனியில் மன்றத்து ஹாலில் மாட்ட வேண்டும், ஆனியில் தலைவி பார்த்து முடிவு சொல்வார் என்று ஏற்பாடு. எம்.ஏ. படித்துவிட்டுக் குக்கர் விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, வாசலைத் தாண்ட அதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது. என் வீட்டுக்காரர்கூட "சரி, போ" என்று சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொற்கள் சேர்ந்து வந்தது அபூர்வம்.

உள்ளே எதை வைப்பது என்று உன்னிடம்தான் கேட்டேன்.

"கோலி வச்சா கனம்மே, தெர அறுந்துகினு வுயுந்துரும். அந்துருண்ட வை. பூச்சியும் வராது" என்றாய்.

அலமாரியில் வைத்த அந்துருண்டை கரைந்து காணாமல் போவதை வருஷா வருஷம் பார்த்தவள் நான். கயிற்றுக்குள் வைத்தால் மட்டும் கரையாது என்று எந்த அறிவைக் கொண்டு நம்பினேன்? அறிவெல்லாம் இல்லை, அக்கா. நீ சொன்னாய், நம்பினேன்.

நடுவில் கத்திரி வெயில் வந்து போனது. ஆனியில் தலைவி வந்தபோது உன் திரை ஃபேன் காற்றில் டொக் டொக்கென்று ஒலித்தது. கோலி. என் திரை ஓசையே இல்லாமல் தொங்கியது, வெயிலில் காயப்போட்டு மறந்த கத்திரிக்காய் போல.

"இன்னாமே, உன் உருண்டலாம் எளச்சிப் பூட்ச்சி? சோறு போடலியா நீ?" என்று எல்லோர் முன்னும் கேட்டாய்.

ஹால் முழுக்கச் சிரித்தது. தலைவியும் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே உனக்கு வேலையைக் கொடுத்தார்.

படியிறங்கும்போது கேட்டேன்: "நீதானேக்கா அந்துருண்டை வைக்கச் சொன்னே?"

"நான் ஆயிரம் சொல்வேன். நீ பட்சவ, ரோசிக்க வாணாம்?"

அதற்கான பதிலை இன்றுவரை தேடுகிறேன். வகுப்பு உன்னோடேயே இருந்தது, நீ போகும்வரை. நானும் உன்னிடம் உறைமோர் வாங்குவதை நிறுத்தவில்லை. அண்டை வீட்டாரிடம் பகை பாராட்டுவது நாகரிகமில்லை, நல்ல தயிரும் கிடைக்காது.

நீ போய் எட்டு மாதம் ஆனபின், போன வாரம் உன் மகள் இங்கே வந்தாள். கையில் வெள்ளைக் கயிறு ஒரு கண்டு, ஒரு பை கோலி.

"அம்மா படத்துக்குச் சந்தன மாலை வாணாம் ஆன்ட்டி. அவங்க கட்டுற மாரியே உருண்ட மாலைதான் வோணும். உங்கள உட்டா யாருக்கும் வராது."

கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. கோலிகளைக் கழுவித் துடைத்துத் தட்டில் பரப்பினேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"பாத்துக் கட்டுங்க ஆன்ட்டி. 'எதிர்த்த ஊட்டுக்காரி முடிச்சுக்கு ஆயுசு மூணு மாசந்தான்'னு அம்மா கிளாஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். வருஷா வருஷம், புதுசா சேர்றவங்களுக்கு மொதப் பாடமே அதான்."

அதுவரை எனக்குத் தெரியாது. உன் வகுப்பில் நானும் இருந்திருக்கிறேன், பாடமாக.

திங்கட்கிழமை எடுத்த முடிவை மேலே சொல்லிவிட்டேன். கோலிகளை ஒரு டப்பாவில் போட்டு மேல் ஷெல்ஃபில் வைத்தேன். இத்தனை நேர்த்தியாக வாழ்நாளில் நான் ஒரு முடிச்சும் கட்டியதில்லை. ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்கும்போது உன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டு: அந்தக் கை இறுக்கம், அந்த ஒரு வாக்கியம். இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று மாலை உன் வீட்டு ஹாலில் மாலையை மாட்டினோம். உன் மகள் முகர்ந்து பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, அந்துருண்ட வாசன வருது?"

"பூச்சி வராது" என்றேன்.

உன் வருஷத் திதி ஆனியில் வருகிறது. பழைய குவார்ட்டர்ஸ் பெண்கள், உன் வகுப்பில் படித்தவர்கள் எல்லோரையும் அழைக்கப் போகிறாளாம். நடுவில் கத்திரி வெயில்.