ஆண்டாள் பேரில் ஒரு ஃபோல்டர்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையில் தூறல். மலை தெரியவில்லை. விளக்கேற்றி, இட்லி. அவருக்கு மட்டும் கஞ்சி.

செத்துப்போன பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சின்னப் பெட்டியில் போட்டுக் கடையில் கொடுத்தார்கள். லேப்டாப்பில் செருகினேன். எல்லாம் தெரிகிறது. எங்கள் ஃபோல்டரை மட்டும் திறக்க எனக்கு அனுமதி இல்லையாம்.

உள்ளே இருப்பவை: மகள் வசந்தியின் காலேஜ் போட்டோக்கள், நான் போட்ட கோலங்கள், 'அப்பா' என்று ஒரு ஒலிப்பதிவு. மைக் வாங்கிய அன்று வசந்தி அவரைப் பேசச் சொல்லிப் பதிந்தது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். தொண்டை ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம். பேச்சில்லை, சிலேட்டில் எழுதுகிறார். அவர் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான்.

ஐப்பசி 5, புதன்

வெயில். இரண்டு நாள் துணி காய்ந்தது.

வசந்தி கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:

1. ஃபோல்டர் மேல் வலது கிளிக்.
2. பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட்.
3. ஓனர் யார் என்று பார்.

பேர் இல்லை. நீளமாக ஒரு நம்பர். அது ஆண்டாள். பழைய மிஷின் வீட்டுக்கு வந்த அன்று பொட்டு வைத்தேன். பேர் கேட்டது. 'ஆண்டாள்' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். இந்த வீட்டில் அவள் பேர் எழுதாமல் எந்த நோட்டும் தொடங்கியதில்லை. அவர் பின்னால் நின்று சிரித்தார். அந்த முகம் அப்படியே இருக்கிறது. சத்தம்தான் இல்லை.

ஓனரை மாற்றி என் பேரைப் போடச் சொல்கிறாள் வசந்தி. ஆண்டாள் பேரை எடுத்துவிட்டு என் பேரா? கை வரவில்லை. போனை வைத்த பிறகு லேப்டாப்பில் புதிதாக 'ஆண்டாள்' என்றே ஒரு யூசர் உண்டாக்கி, அதில் நுழைந்து திறந்து பார்த்தேன். அனுமதி இல்லை.

மறுபடி போன் போட்டுச் சொன்னதும் வசந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எம்மா, அது பேரையா பாக்குது? நம்பரத்தான் பாக்கும். ஊருக்குள்ள எத்தன ஆண்டாள் இருக்கா, அம்புட்டுப் பேரையும் வீட்டுக்குள்ள விடுவியா?"

ஐப்பசி 7, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸில் உட்கார இடம். ஒரு முழம் துளசி. சன்னதியில் நின்று, உன் பேரில் இருப்பதை என் பேருக்கு மாற்றிக்கொள்கிறேன், குறை நினைக்காதே என்று கேட்டேன். பின்னால் நின்ற ஒரு அம்மா, "செத்த நகருங்க, எம்புட்டு நேரமா நிக்கிய" என்றார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

பால்கோவா கால் கிலோ. அது அவருக்கு இறங்குகிறது.

சாயங்காலம் ஓனர் இடத்தில் என் பேர். உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து டிக். அப்படியும் திறக்கவில்லை.

ஐப்பசி 8, சனி

விடியும்போதே மழை. கரண்ட் இருக்கிறது.

ஓனர் ஆனால் மட்டும் போதாதாம். பெர்மிஷனை நானே எனக்குத் தனியாகக் கொடுத்துக்கொள்ள வேண்டுமாம். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. கொடுத்துக்கொண்டேன். ஃபுல் கன்ட்ரோல்.

திறந்தது.

அவர் வாசலில் பேப்பரோடு. காதில் விழுந்தால் மனசு கஷ்டப்படுமோ என்று மெதுவாக வைத்துக் கேட்க நினைத்தேன். பதற்றத்தில் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டது. முதலில் வசந்தி: "பேசுங்கப்பா, பதிவாகுது." ஒரு செருமல். பிறகு அவர்.

"என்னத்தப் பேச? ஏட்டி, அடுப்புல என்னமோ தீயுது பாரு."

எழுந்து அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தால் அவர் லேப்டாப் முன்னால். தோள் குலுங்குகிறது. பயந்துவிட்டேன். சிரிப்பு.

சிலேட்டில்: "அன்னைக்கு நான் கத்தியும் நீ வரல. பால் பூராம் தீஞ்சது. இன்னைக்கு ஓடுத."

மறுபடி போட்டேன்.