ஜாடியில இருக்கிற உன் ஈரல்

நம்ம எஸ்தரோட துணிய நான் துவைக்கிறப்ப அந்த வாசனை அடிச்சிதுய்யா. மூக்க அரிக்கிற ஆஸ்பத்திரி மருந்து வாசனை. தோல் பதப்படுத்துற டேனரிக்கு நீ போட்டுக்கினு போன சட்டையும் இப்படித்தான், சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும், எத்தினி தண்ணி அலசினாலும் போகாது. அப்போ ஆத்துல தண்ணி இன்னா தெளிவு... சரி, அத விடு. உன் மவ இப்போ நர்ஸுக்குப் படிக்கிறா.

"இன்னாடி நாத்தம்?"னு கேட்டேன்.

"ஜாடி ரூம்ல ஈரல் பாடம்மா. வலது மடல் பெருசு, இடது சின்னது. குடல்ல இருந்து ரத்தம் கொண்டாற குழாய் அடியில நுழைஞ்சி, மரக்கிளையாட்டம் பிரியுது. அதுக்கு நீலச் சாயம் ஏத்தியிருக்காங்க. ஒரு ஜாடியில மட்டும் வலது மடல் நாக்கு மாதிரி கீழ தொங்குது. நாங்க அதுக்கு நாக்குத் தாத்தான்னு பேர் வெச்சிருக்கோம்!" விழுந்து விழுந்து சிரிச்சா.

என் கை நின்னுபோச்சி.

உனக்கு ஈரல்ல கட்டின்னு, எஸ்தர் படிக்கிற இதே காலேஜ் ஆஸ்பத்திரியில வவுத்தக் கிழிச்சிப் பாத்தாங்களே. பொறவியிலயே நீண்ட மடல், நோவு இல்லன்னு தெச்சி அனுப்பினாங்க. அப்புறம் படிக்கிற பசங்க கும்பலா வந்து உன் வவுத்தத் தடவினாங்க. நான் வெக்கத்துல முந்தானைய இழுத்து மூடினேன். நீ இளிச்ச. "நான் செத்தா எடுத்துக்கங்க டாக்டர்"னு வாக்கு வேற குடுத்த. "ஆட்டுத்தோல கெடாம வெக்கிற ஊருடி, என் ஈரல வெக்க மாட்டாங்களா?"

"கடைசி நாள்ல ஆண்டவர் எழுப்பினா ஈரல் இல்லாம எப்படிய்யா எழுவ?"

"நீ முன்னாடி போ. நான் ஆஸ்பத்திரியில வாங்கிக்கினு வர்றேன்."

லாரி அடிச்சி நீ போனப்ப, ஈரல எடுத்துக்கங்கன்னு கைநாட்டு வெச்சேன். உன் வாக்காச்சே. ஆனா உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா புருஷன கூறு போட்டவன்னுவாங்களேன்னு, தெச்ச எடம் தெரியாம வேட்டிய ஏத்திக் கட்டினேன். கல்லறையில உன்ன எறக்குறப்ப நான் தலை தூக்கல. இன்னிக்கும் அந்தக் காலேஜ் மதில் வந்தா எதிர்ப்பக்கமா நடப்பேன். எஸ்தர் அப்போ இடுப்புக் குழந்தை, அவகிட்டயும் சொல்லல.

"இன்னாம்மா, மூஞ்சி இப்படிப் போச்சி?"ன்னா.

"ஆட்டு ஈரல்லகூட அப்படி இருக்கும்டி"ன்னுட்டேன். உன்ன ஆடுன்னுட்டேன்யா. அவ சிரிச்சதவிட அதுதான் கூசுது.

நாளைக்கு அந்த ஜாடியப் பாத்து அவ படம் வரையணுமாம். பென்சில் சீவி வெச்சிருக்கேன். இத்தினி வருஷமா தொண்டையில வெச்சிருக்கிற வார்த்தைய, அவ செருப்பு மாட்டறதுக்குள்ள சொல்லிடணும். யார வரையறோம்னு தெரிஞ்சி வரையட்டும்.