பூட்டிக் கிடந்த காட்டு பங்களா

ஆவணி அமாவாசை, 1982

வரும் செவ்வாய்க்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியில் கௌரிக்கு ஆபரேஷன். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு முன்னால் ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்று கேட்டாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் மனைவி வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். அங்கே இருக்கும் காட்டு பங்களாவில் தங்கக் காட்டிலாகாவுக்கு எழுதிப் போட்டு அனுமதிக் கடிதம் வாங்கினேன். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் என்று அதில் அச்சடித்திருந்தது. எங்கள் தெருவில் தறி ஓடாத நாள் அமாவாசைதான். அதனால் இன்றைக்குக் கேட்டிருந்தேன்.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி, அவள் மூச்சு வாங்க ஏறிப் போனால் பங்களா பூட்டிக் கிடக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள்தான் சொன்னாள்: “வாட்ச்மேன் படவேடு கோயிலுக்குப் போய்கீறாருங்க. அமாவாசையாச்சே! சாவியும் அவராண்டதான் கீது. காலையிலதான் வருவாரு.”

எனக்கு அமாவாசை என்றால் அவனுக்கும் அமாவாசைதானே. இந்த மரமண்டைக்கு அது தோன்றவில்லை.

வராண்டாவில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “கரடி வருங்க” என்றாள் அந்த அம்மாள். நாலு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை. கௌரி ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தாள். “கட்டிலு நல்லாதாங்க கீது” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் போன போர்வையை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள். “அந்தக் கடுதாசிய பத்திரமா வைங்க. அடுத்த அமாவாசைக்குப் போவலாம்” என்றாள்.

சரி என்று இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கடிதத்தில் இன்றைய தேதி மட்டும்தான் போட்டிருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது.